வெயிலில் வைத்த பாட்டில்

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவர் காலுள்ள கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்து அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுவார். தண்டை இரண்டு விரலால் பிடித்து மேசைமேல் வைத்தபடியே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு என் குழம்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"இதுக்கு கிரனாஷ்," என்பார்.

அப்புறம் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

அந்த வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போன முதல் வாரம் இதைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. நான் நாசரேத் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு வாழ வந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் கோயிலில் இராப்போஜனத்தன்று உதடு நனையக் கொடுக்கும் திராட்சரசம் தவிர வேறு எதுவும் அறியாதவள். வீட்டுக்காரர் போன பிறகு நாலு வீட்டில் சமைத்துப் பிழைத்தேன். குடிக்கிற வீட்டில் மட்டும் அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று வைத்திருந்தேன். இவரோ தண்ணீரையே குடிகாரர் மாதிரி குடிக்கிறார். இது எதில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

தெருவில் எல்லாருக்கும் அவர் கப்பல்கார அண்ணாச்சி. கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் வீடு. சரக்குக் கப்பல்களில் முப்பது வருஷம் சமையல்காரராக இருந்து கரையேறியவர். மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் மஸ்கட்டில் இருந்தாள். கிறிஸ்மஸுக்குக்கூட அவர் ஒரு சொட்டு குடித்து யாரும் பார்த்ததில்லை. அது தெரிந்த பிறகுதான் என் பயம் போனது.

பயம் போனாலும் அவர் நாக்கோடு குடித்தனம் நடத்துவது லேசாக இல்லை. போன புதிதில் ஒரு நாள் பாறை மீன் குழம்பு வைத்து, பக்கத்தில் நின்று, "நல்லாருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏளா, உப்பு ஒரு ருசி. புளி ஒரு ருசி. கசப்பு ஒரு ருசி. நல்லாருக்குன்னு ஒரு ருசி உண்டா?"

நான் இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனேன். கையால் தடுத்தார்.

"சாப்பாட்ட கவனிக்காதவன் சொல்லுத வார்த்த அது. நல்லாருக்குன்னு ஒருத்தன் சொன்னா, அவன் ஒண்ணும் சொல்லலன்னு அர்த்தம். ஒங் குழம்புல புளி மூத்த புளி. வெந்தயம் ஒரு நிமிசம் கூடக் கருகிட்டு. மீன் இன்னைக்குக் காலையில பட்டது. போதுமா?"

அடுக்களைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு சட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெந்தயம் கருகித்தான் இருந்தது. அத்தனை வருஷமாக நான் சமைத்ததை நானே அப்படி ருசி பார்த்ததில்லை.

அவர் யாருக்காகவும் ருசியை மாற்றிச் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணாச்சி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டு ஆபீஸில் இருந்தவர். அவர் மகள் நிச்சயதார்த்த விருந்தில் பிரியாணி. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எல்லாரும் பந்தியில் இருக்கும்போது செல்லத்துரை பெருமையாக வந்து, "எப்படிவே இருக்கு?" என்று கேட்டார்.

"அரிசி நல்ல அரிசி," என்றார் இவர். "கறி நேத்து வெட்டுனது. ஐஸ்ல கெடந்த வாடை போவல."

செல்லத்துரை இரண்டு மாதம் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே வந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

"வே, ஒம்ம நாக்க அறுத்துக் கருவாடு போட்டாத்தான் இந்தத் தெருவுக்கு நிம்மதி."

"போட்டுப் பாரும். உப்புப் பத்தலன்னு அந்தக் கருவாடே சொல்லும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் அடுக்களையில் நின்று சிரித்தேன். பின்னாளில் அந்தப் பேச்சை நினைத்து செல்லத்துரை என் முன்னால் கண் கலங்கினார். "வெளையாட்டுக்குத்தான தங்கச்சி சொன்னேன்," என்றார். நான் ஆறுதல் சொன்னேன். என் மனதில் கிடப்பதோடு பார்த்தால் அவருடையது ஒன்றுமே இல்லை என்று அவரிடம் சொல்ல முடியவில்லை.

அவர் தினமும் சொன்ன ஒயின் பெயர்கள் எல்லாம் ஒரே ஊருடையவை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்ற துறைமுகத்தில் அவர் கப்பல் அடிக்கடி நிற்கும். அங்கிருந்து வண்டியில் ஒன்றரை மணி நேரம் உள்ளே போனால் பரோசா என்று ஒரு பள்ளத்தாக்கு. திராட்சைத் தோட்டமும் ஒயினும்தான் அங்கே பிழைப்பு.

"தேரிக்காட்டு மண்ணு மாதிரி செவந்த மண்ணு," என்பார். "கொடின்னு நெனச்சிராத. பந்தலும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நம்ம ஊரு உடமரம் மாதிரி குட்டையா, கறுத்து, முறுக்கிக்கிட்டு நிக்கும். நூறு வருசத்துக்கு மேல ஆன கட்டை. வயசான கட்டையில காய் கொஞ்சமாத்தான் புடிக்கும். ஆனா அதுலதான் சாறு."

சாத்தான்குளத்துத் தேரியை நான் சிறு வயதில் வெறுங்காலோடு கடந்திருக்கிறேன். அதனால் அந்த மண்ணை மட்டும் எனக்குப் பார்த்த மாதிரி இருந்தது.

சிவப்பு ஒயின்களை மனிதர்களைப் போலத்தான் அவர் சொல்வார். ஷிராஸ் கனத்த ஆள். நாவல்பழமும் நல்லமிளகும் கொஞ்சம் புகையும் சேர்ந்த வாசம். கிரனாஷ் லேசான ஆள், பழ வாசம், யாரோடும் ஒத்துப்போகும். மத்தாரோ முரடன், மண் வாசமும் தோல் வாசமும் அடிக்கும். அதற்கு மாட்டுக்கறியோ ரத்தப் பொரியலோதான் சரி. மூன்றையும் கலந்தும் ஒரு ஒயின் செய்வார்களாம். "அது கூட்டுக் குடும்பம். எப்பவும் எதாவது ஒண்ணு சத்தமாப் பேசும்," என்பார்.

என் சமையல் ஒவ்வொன்றையும் அவற்றோடு கட்டிவைப்பார். நான் வற்றல் மிளகாய் அரைத்து ஊற்றின ஆட்டுக்கறிக் குழம்புக்கு ஷிராஸ் ஆகாது. "வத்தலக் கண்டா அதுக்குக் கோவம் வந்துரும். வாயெல்லாம் தீயாயிரும். நல்லமிளகு போடு, கொழஞ்சு வரும்." மீன் குழம்புக்குச் சிவப்பு ஒயினே கூடாது. "ரெண்டையும் சேத்தா துருப்புடிச்ச ஆணியச் சப்புன மாதிரி இருக்கும்." சூரை மீனுக்கு மட்டும் விலக்கு உண்டு. "அது மீனாளா? கடல்ல நீந்துத கறி. சூரப் புட்டுக்கு கிரனாஷ் வச்சுப் பாரு." நம் ஊர் முந்திரி மக்ரூனுக்கு, பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்து பழுப்பேறிய இனிப்பு ஒயின். ஒரு நாள் நெத்திலிக் கருவாடு பொரித்து வைத்துவிட்டு, இதற்கு என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று நின்றேன்.

"இதுக்கு முன்னால எந்த ஒயினும் நிக்காது. பழைய சோறு கொண்டா."

இப்படியே ஐந்தாறு வருஷம். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அண்ணாச்சி, இல்லாத ஒயின எதுக்கு தெனமும் சொல்லுதீங்க?"

அவர் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"முப்பது வருசம் அடுத்தவன் திங்கதுக்குச் சமைச்சேன். ஆபீசர்மாரு மேல உக்காந்து குடிப்பாங்க. நான் அடுப்படியில நின்னு ஒரு வாய் கொப்புளிச்சுத் துப்பிட்டு, எதுக்கு எது சேரும்னு பாத்துச் சொல்லி அனுப்புவேன். ஒரு நாளு கூட, சேர வேண்டியத சேர வேண்டியதோட வச்சு, உக்காந்து நான் தின்னதில்ல. சாவதுக்குள்ள ஒரு நேரம் அப்படித் திங்கணும். அம்புட்டுதான்."

அந்த ஒரு நேரத்துக்காக அவர் ஒரு பாட்டில் வைத்திருந்தார்.

அது அவர் காசு கொடுத்து வாங்கியது இல்லை. கடைசித் தடவை அடிலெய்டில் கப்பல் நின்றபோது கேப்டன் அவரையும் பரோசாவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஒரு தோட்டத்தில் ருசி பார்க்க வரிசையாகக் கிளாஸ் வைத்து ஊற்றினார்களாம். எல்லாரும் குடித்துவிட்டு அருமை, அற்புதம் என்று சொல்ல, இவர் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இது நனைந்த சாக்கு மாதிரி நாறுகிறது என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். கேப்டனுக்கு முகம் செத்துவிட்டது. உள்ளேயிருந்து தோட்டக்காரக் கிழவர் வந்து முகர்ந்து பார்த்திருக்கிறார். தக்கையில் கெட்டுப்போன பாட்டில் அது. அத்தனையையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, உள்ளே போய், பழைய கட்டையில் காய்த்த ஷிராஸ் ஒன்றை எடுத்து வந்து இவர் கையில் கொடுத்தாராம். பன்னிரண்டு வருஷம் படுக்கப்போட்டு வை, அப்புறம் திற என்றாராம்.

கெட்டதைக் கெட்டது என்று சொன்னதற்காகக் கிடைத்த பாட்டில். இதை நான் மறக்கக் கூடாது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

மாடிப்படிக்குக் கீழே இருட்டில் ஒரு மரப்பெட்டி. அதில் கடல் மணல் நிரப்பி, மணலுக்குள் அந்தப் பாட்டிலைப் படுக்கவைத்திருந்தார். பெட்டிமேல் ஈரச் சாக்கு. தினமும் காலையில் அவரே சாக்குக்குத் தண்ணீர் தெளிப்பார். வேறு யாரையும் விடமாட்டார்.

மகளுக்குப் பேறுகாலம் என்று ஒரு வருஷம் பங்குனியில் மஸ்கட்டுக்குப் போனார். மூன்று மாதம். வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"சாக்கு காயாமப் பாத்துக்க தங்கச்சி. ஒன் பொறுப்பு."

அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது.

நானும் தினமும் தண்ணீர் தெளித்தேன். சித்திரை பிறந்ததும் வழக்கம்போல ஊறுகாய் ஜாடிகளை மாடியில் வெயிலுக்கு வைத்தேன். எலுமிச்சை, நார்த்தை, மாவடு. ஒரு வருஷம் நிற்க வேண்டிய எதையும் கத்திரி வெயிலில் காட்டியெடுக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் உள்ளே வைக்கமாட்டார்கள். மழைக்கால ஈரம்தான் எதையும் கெடுக்கும், வெயில் எதையும் காப்பாற்றும். எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த சாஸ்திரம் இதுதான்.

அன்றைக்குச் சாக்கைத் தூக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குப்பென்று பூசண வாடை. மணல் நசநசவென்று இருந்தது. பாட்டிலை வெளியே எடுத்தால், மேலே ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரத்திலும் தக்கையைச் சுற்றியும் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

நம்பி விட்டுப் போயிருக்கிறார், என் கையில் கெட்டுப்போகிறதே என்று நினைத்தேன். செல்லத்துரை வீட்டு போனில் மஸ்கட்டுக்குப் பேசியிருக்கலாம். இதற்காக ஒருவர் வீட்டில் போய் நிற்க வெட்கமாக இருந்தது. சேலைத் தலைப்பால் பூசணத்தைத் துடைத்தேன். பாட்டிலை மாடிக்கு எடுத்துப் போய் ஜாடிகளுக்கு நடுவில் நிறுத்திவைத்தேன்.

பதினொரு நாள் வெயில் காட்டினேன். துறைமுகத்துக் கரித்தூள் பறந்து வந்து மாடியெல்லாம் படியும் என்று மேலே வெள்ளைத் துணி கட்டினேன். ஜாடிகளைத் திருப்பிவைக்கும்போது அதையும் திருப்பிவைத்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒன்றுபோல வெயில் படவேண்டும் என்று அவ்வளவு கவனம்.

கடைசி நாள் எடுக்கப் போனபோது தக்கை ஒரு நகக்கண் அளவு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பக்கத்தில் கறுப்பாக ஒரு சொட்டு கசிந்திருந்தது. கட்டைவிரலால் அமுக்கினேன், உள்ளே போய்விட்டது. கசிந்ததைத் துடைத்துவிட்டு, மணலையும் காயவைத்து நிரப்பி, பாட்டிலைப் பழையபடி படுக்கப்போட்டேன். அதன் பிறகு சாக்குக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை. அவர் வருவதற்கு முதல் நாள்தான் நனைத்து வைத்தேன்.

நனைத்து வைத்தேன் என்று எழுதும்போது தெரிகிறது. தப்பு செய்கிறோம் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அவர் வந்ததும் பெட்டிக்குள் கையை விட்டு, மணலுக்குள் பாட்டிலைத் தடவிப் பார்த்து, "சமத்தாத் தூங்குது," என்றார். எனக்குப் பேரீச்சம்பழமும் ஒரு சேலையும் கொண்டுவந்திருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து அவர் குரல் கம்மியது. எச்சில் விழுங்கும்போது முள் குத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். மகள் வந்து மதுரைக்குக் கூட்டிப்போனாள். நாக்கின் அடியில் கட்டி. கரண்ட் வைக்கவேண்டும் என்றார்கள், கதிர்வீச்சு. டாக்டர் சொன்னதை அவர் எனக்கு அடுக்களை வாசலில் நின்று சொன்னார்.

"எச்சி ஊறாதாம். ருசி போயிருமாம். சில பேருக்குத் திரும்பும்ங்காரு. எனக்கு வயசாயிட்டுன்னும் சேத்துச் சொல்லுதாரு."

நான் கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கிழம போவணும். சனிக்கிழம மத்தியானம் அத தொறந்துருவோம். பன்னெண்டுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. பரவால்ல. ஆட்டுக்கறி எடு. தொடைக்கறி. வத்தலே கூடாது. நல்லமிளகு, சின்ன உள்ளி, நல்லெண்ண. தேங்காயப் பல்லுப் பல்லாக் கீறிப் போடு. ஏளா, ஒன் ஆயுசுல வச்சதுலயே நல்ல கறியா இருக்கணும்."

அப்போதும் அந்தப் பதினொரு நாளை நினைத்து எனக்குப் பயம் வரவில்லை. பூசணத்திலிருந்து காப்பாற்றி வைத்தோமே என்று ஒரு திருப்திகூட இருந்தது.

சனிக்கிழமை விடிவதற்கு முன் எழுந்து கறி எடுக்கப் போனேன். மிளகை வறுத்துக் கையாலேயே இடித்தேன். கறி வெந்து எண்ணெய் பிரிந்தபோது எனக்கே தெரிந்தது. இனி ஒரு தடவை அப்படி வராது.

மேசையில் அவர், மகள். என்னையும் உட்காரச் சொன்னார். அந்த வீட்டு மேசையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

தக்கையை அவரே திருகி எடுத்தார். அதன் ஒரு பக்கம் அடியிலிருந்து நுனிவரை ஈரமாகக் கறுத்திருந்தது. முகர்ந்து பார்த்தார். பாட்டிலைக் கையில் எடுத்து, திருப்பி, ஒட்டியிருந்த காகிதத்தை வெகு நேரம் பார்த்தார். இங்கிலீஷில் என்னவோ வாசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படி மேசையில் வைத்தார்.

ஊற்றினார். கிளாஸின் ஓரத்தில் செங்கல் நிறம். சுற்றினார், முகர்ந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். அவர் அவ்வளவு நேரம் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நல்லாருக்கு," என்றார்.

மகள், "அப்பாடா" என்று கையைத் தட்டி, அவரைக் கிளாஸோடு போட்டோ எடுத்தாள். அந்த வீட்டில் அத்தனை வருஷத்தில் எதையும் ருசித்துவிட்டு அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

எனக்கும் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தார். "சும்மா குடி, பாவம் ஒண்ணும் வராது." குடித்தேன். அவர் சொல்லிச் சொல்லி நாவல்பழமும் மிளகும் புகையும் எனக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. உலர்ந்த திராட்சையைப் போட்டு வெகுநேரம் காய்ச்சி ஆறவிட்ட தண்ணீர் மாதிரி இருந்தது. கடைசியில் காடியின் புளிப்பு தொண்டையைப் பிடித்தது. வெயில்தான் என்று அப்போது புரிந்தது. அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதும் பதினொரு நாள் மாடியில் வைப்பதும் ஒன்றுதான் என்று ஒரு சமையல்காரிக்கு முன்னமே தெரிந்திருக்கவேண்டும்.

அவர் கறியை எடுத்து வாயில் போட்டார். "உப்பு கச்சிதம். நல்லமிளகு கை நெறய ஒரு பிடி கூடப் போட்டுருக்கே. அதுதான் சரி. தேங்கா கடைசியில இனிக்கி." கறிக்கு அத்தனை வார்த்தை சொன்னார். ஒயினுக்கு அந்த ஒன்றுதான். வாழ்நாளெல்லாம் கொப்புளித்துத் துப்பினவர், அன்றைக்குக் கிளாஸில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை விழுங்கினார். மறுபடி ஊற்றிக்கொண்டார்.

அந்த இடத்தில் எழுந்து நின்று நான் சொல்லியிருக்கவேண்டும். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஆறேழு வாரம் மதுரையில் கிடந்து, உடம்பு பாதியாகித் திரும்பி வந்தார். எதைக் கொடுத்தாலும் "மண்ணு மாதிரி இருக்குளா," என்பார். கஞ்சி, குழையவிட்ட சோறு, அதில் ரசம். ஆனாலும் மத்தியானம் அந்தக் கிளாஸில் தண்ணீர் ஊற்றாமல் இருக்கமாட்டார். ஒரு நாள் ஒரு கரண்டி குழம்பை என் பக்கம் தள்ளி, "நீ தின்னு சொல்லு," என்றார்.

எனக்கு வாயே வரவில்லை. பழகப் பழக வந்தது. "இன்னைக்குப் புளி முந்துது அண்ணாச்சி. வெந்தயம் பின்னால வருது. உப்பு ஒரு கல்லு கம்மி." அவர் கண்ணை மூடிக் கேட்பார். "சூரையா?" "சூரதான்." "அப்ப கிரனாஷ்," என்று தண்ணீரைக் குடிப்பார். நான் சொல்வதை வைத்து அவர் சாப்பிட்டார். நான் ஒன்றையும் மாற்றிச் சொன்னதில்லை. மற்ற எதிலும் மாற்றிச் சொன்னதில்லை.

ஒரு நாள் மழை பெய்துகொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்து அப்படியே உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

"அன்னைக்கு அந்த ஷிராஸ் எப்படி இருந்துச்சு? நீயும் ஒரு மடக்கு குடிச்சேல்லா. எனக்கு மறந்து போச்சு. நீ சொல்லு."

தட்டு கழுவுகிற தண்ணீரை நிறுத்தினேன். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. சொல்வதற்கு வார்த்தை எல்லாம் என்னிடம் இருந்தன. அவரே கற்றுக்கொடுத்த வார்த்தைகள்தான். காய்ச்சின திராட்சை, காடி, வெயில்.

"நல்லாருந்துச்சு அண்ணாச்சி," என்றேன்.

அவர் கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சரி," என்றார். கிளாஸில் மீந்திருந்த தண்ணீரைக் குடித்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

அடுத்த கத்திரி வெயிலுக்கு அவர் இல்லை. அடக்கம் முடிந்து வீட்டை ஒழிக்கும்போது மகள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தக் காலிப் பாட்டிலை எடுத்தாள். காகிதம் ஒட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். நான் தூசு தட்டும்போதெல்லாம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அவர் வைத்ததை மாற்றக் கூடாது என்று திருப்பியதில்லை.

"அத்த, இத தூக்கிப் போட்டுறவா?" என்று கேட்டபடி அவள் அதைத் திருப்பினாள்.

காகிதத்தின் நடுவில் செம்மஞ்சளாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. எலுமிச்சை ஊறுகாயின் மிளகாய் எண்ணெய். காகிதத்துக்குள் ஊறிக் காய்ந்துபோயிருந்தது. விரல் ரேகையின் குறுக்கே ஒரு கோடு. மீன் அரியும்போது அரிவாள்மணை வெட்டி ஆறின தழும்பு. என் வலது கையில் அது இப்போதும் இருக்கிறது. அந்தக் கைக்கு அவரே மஞ்சள் வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை அவர் வெகு நேரம் பார்த்தது இங்கிலீஷை இல்லை. அதனால்தான் அந்தப் பக்கத்தை எங்கள் கண்ணில் படாமல் தன் பக்கமாகத் திருப்பி வைத்தார். மழை நாளில் கேட்டபோதும் அவருக்குத் தெரியும். நான் சொல்லட்டும் என்று கேட்டாரா, சொல்லாமல் போனாலும் போகட்டும் என்று விட்டாரா, எனக்கு விளங்கவில்லை. சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தது எனக்காக என்பது மட்டும் விளங்கியது.

"போடாத. எனக்குக் குடு," என்றேன்.

என் வீட்டில் அதைக் காகிதம் வெளியே தெரியும்படி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அது என்ன கறை என்று கேட்பார்கள். ஊறுகாய் எண்ணெய் என்பேன். அதற்கு மேல் வாய் வருவதில்லை.